துரைக்கு ஒரு டச்சு, நாய்க்கு ஒரு டச்சு

இங்கிலீஷ் இல்லய்யா. கோர்ட்டு வாசல்ல நிக்க சேவகர் பால்ச்சாமிட்டயும் அதைத்தான் சொன்னேன், அவரு எங்க கேட்டாரு. வெள்ளைக் கவுனு போட்டிருந்தா இங்கிலீஷ்னு முடிவு பண்ணிட்டாரு. வராந்தாவுல உக்காந்திருக்க அந்தம்மா பேசுதது டச்சு. ஒல்லாந்துக்காரங்க பாஷை. தூத்துக்குடியில அவங்க கட்டின வேதக்கோயில் இன்னும் இருக்குல்லா, அந்த ஆளுங்க. காதுக்கு இங்கிலீஷ் மாதிரிதான் கேக்கும். நடுவுல தொண்டைய காறுத மாதிரி ஒரு சத்தம் வந்துதுன்னா டச்சு. அம்புட்டுதான் வித்தியாசம்.

இருக்கட்டும், நிக்கேன். பள்ளிக்கூடத்துல நின்னு பழகின காலு. சரி, நீங்க சொல்லுதீக, உக்காந்துக்கிடுதேன்.

ஆமா, மிஷன் பெண்பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலதான். நாலாம் வகுப்பு. ஞானரத்தினம்னு கேட்டா இந்த ஊர்ல யாரும் சொல்லுவாங்க. நீங்க மதுரையிலருந்து மாத்தி வந்து ரெண்டு மாசம்தான் ஆகுதாமே. அதான் சிரஸ்தாரய்யா உங்களுக்கு என்னைத் தெரியல. தெரியாததும் ஒரு வகையில நல்லதுதான்.

ஜட்ஜய்யா பெஞ்சுக்கு வாரதுக்கு முன்னால எனக்கு அந்தப் பாஷை நெசமாவே தெரியுமான்னு நீங்க சோதிச்சுச் சொல்லணும், அதானே? சோதிங்க. ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. உங்களுக்கு டச்சு தெரியாது. எனக்குத் தெரியும்னு எதை வச்சுக் கண்டுபிடிப்பீக? சிரிச்சா எப்படி. நான் வெளையாட்டுக்குக் கேக்கல. இன்னிக்கு அந்தக் கூண்டுல ஏறி நான் என்ன சொன்னாலும் அது சரியா தப்பான்னு சொல்ல இந்தக் கோர்ட்டுல ஆளு கிடையாது. கோர்ட்டுல என்ன, இந்த ராமநாதபுரம் ஜில்லாவுலயே கிடையாது. ராஜபாளையத்துல முத்துவீரன்னு ஒருத்தரு இருந்தாரு. அவரும் போன வருஷம் காலராவுல போயிட்டாரு. இதை மனசுல வச்சுக்கிட்டு மத்ததைக் கேளுங்க.

எப்படிப் படிச்சேனா? புஸ்தகத்துலதான். இங்கிலீஷ்காரங்களுக்கு டச்சு சொல்லிக்குடுக்கன்னு எழுதின இலக்கணம். பைபிள் தண்டிக்கு இருக்கும். உங்களுக்கு விளங்குத மாதிரி சொல்லுதேன். நான் இன்னிக்குக் கோர்ட்டுக்கு வாரேன். நம்ம பேச்சுல வாரேங்கிறது கடைசியில நிக்கும். அவங்க அதைக் கொண்டாந்து ரெண்டாவது எடத்துல நட்டுருவாங்க. நான் வாரேன் இன்னிக்குக் கோர்ட்டுக்கு. சரி, இன்னிக்குங்கிறதை முன்னால தள்ளணும்னா? அப்பவும் வாரேன் எடத்தை விட்டு அசையாது, நானுங்கிற ஆளுதான் எந்திரிச்சுப் பின்னால போகணும். இன்னிக்கு வாரேன் நான் கோர்ட்டுக்கு. யாரு வந்தாலும் போனாலும் ரெண்டாவது நாற்காலி வினைச்சொல்லுக்கு. ஜட்ஜய்யா நாற்காலி மாதிரி, வேற ஆளு உக்கார முடியாது.

இருங்க, இன்னும் முடியல. ஒரு வாக்கியத்துக்குள்ள இன்னொரு வாக்கியத்தை மடிச்சு வைக்காங்க பாத்தீகளா, அவன் வந்ததுனால, அவன் வந்தப்போ, அவன் வந்தான்னு அவ சொன்னான்னு, அந்த மாதிரி. அங்க மட்டும் வினை ஓடிப்போயிக் கடைசியில நின்னுக்கிடும், நம்ம தமிழ் மாதிரி. கடைசி வார்த்தை வரைக்கும் காத்துக் கிடந்தாத்தான் அவன் வந்தானா, செத்தானா, ஓடினானான்னு தெரியும். இங்கிலீஷ்காரன் இந்தப் பாடத்துல அழுதுருவான் போல. மாணவர் மனம் தளர வேண்டாம்னு புஸ்தகத்துலயே அச்சுப் போட்டிருக்கு. எனக்கு அந்தப் பாடந்தான் சொந்த ஊர் பஸ்ஸுல ஏறின மாதிரி இருந்துது. ஒரே வாரத்துல முடிச்சேன்.

பொறவு மரியாதை. இங்கிலீஷ்ல நீ, நீங்க எல்லாம் ஒண்ணுதான். டச்சுல அப்படி இல்ல, நம்மள மாதிரியே தனித்தனி. என் புஸ்தகம் பூராவும் நீங்கதான். தாங்கள் தயவு செய்து கதவைத் திறப்பீர்களா. தங்கள் சகோதரர் தோட்டத்தில் இருக்கிறாரா. இப்படியே நானூறு பக்கம். நீங்கிற பேச்சுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தான். இது வீட்டாரிடமும் குழந்தைகளிடமும் பிராணிகளிடமும் பேசுவது, கற்கும் மாணவருக்குத் தேவைப்படாது அப்படின்னு எழுதி அடுத்த பாடத்துக்குப் போயிட்டான். நானும் போயிட்டேன்.

வாயில பேசிப் பழகினது முத்துவீரன்ட்ட. அது ஒரு கதை. ராஜபாளையத்துல வேட்டை நாய் வளக்காங்கல்லா, வெள்ளையா, ஒயரமா. சுமத்ராவுல தோட்டம் வச்சிருந்த ஒரு டச்சுத் துரை ஒரு சோடி கேட்டு ஆள் அனுப்பியிருக்கான். நாயைக் கப்பல்ல கொண்டுபோயி விட இவரை அனுப்பிச்சாங்க. நாயி துரையோட நின்னுக்கிடுச்சு, நாய்க்காரரும் நின்னுக்கிட்டாரு, ஆறு வருஷம். திரும்பி வாரப்போ நல்ல டச்சு பேசுதாருன்னு ஊரே சொல்லிச்சு. லீவு நாள்ல பஸ் ஏறிப் போயி, அவரு சம்சாரம் வெள்ளத்தாயைக் கூட உக்கார வச்சுக்கிட்டு, ரெண்டு வார்த்தை சொல்லிக்குடுங்கண்ணாச்சின்னு கேட்டேன். கோம் ஹீர்ன்னாரு. இங்க வான்னு அர்த்தம். ஸிட், உக்காரு. ப்ளைஃப், அங்கயே நில்லு. கூஸ்ட், சத்தம் போடாதே. லோஸ், வாயிலருந்து விடு. இம்புட்டும் நாய்க்குல்லா சொல்லுதது, துரை உங்ககிட்ட எப்படிப் பேசுவாருன்னேன். இப்படித்தான் தாயி, எங்க மூணு பேருக்கும் ஒரே பேச்சுதான், நாயி என்ன செய்யுதுன்னு ஓரக்கண்ணால பாத்துக்கிடுவேன், அது உக்காந்தா நானும் உக்காருவேன், அப்படித்தான் படிச்சேன்னாரு. வெள்ளத்தாய் விழுந்து விழுந்து சிரிச்சா. அவரு சிரிக்கல.

ஆக, எனக்குத் தெரிஞ்சது ரெண்டு டச்சு. ஒண்ணு துரைக்கு, ஒண்ணு நாய்க்கு. கோர்ட்டுக்கு அது போதும்னுதான் நெனைக்கேன். நீங்க என்ன சொல்லுதீக?

எதுக்குப் படிச்சேனா. அதைக் கேப்பீகன்னு தெரியும். எங்க வீட்ல அவிய மேடான்ல ஒரு டச்சுக் கம்பெனியில குமாஸ்தா. சுமத்ராவுல உள்ள பட்டணம் மேடான். கல்யாணம் கட்டி எட்டு மாசம் இங்க இருந்தாங்க, பொறவு கப்பலேறினாங்க. நடுவுல ஒரே ஒரு தடவ லீவுல வந்தாங்க, முப்பத்திமூணுல. அப்பதான் அந்தப் புஸ்தகத்தைக் கொண்டாந்து மேசையில வச்சாங்க. அந்த ஊர்ல தோலு நெறத்தை மட்டும் பாக்க மாட்டானாம். டச்சு பேசி, டச்சுக்காரன் மாதிரி வீடு நடத்துதவனை அவன் சாதியோட சமமா வச்சு எழுதிக்கிடுததுக்கு ஒரு சட்டம் இருக்காம். ஆனா வீட்டுக்காரியும் ஆபீசர் முன்னால நின்னு டச்சுல பதில் சொல்லணுமாம். நீ படி, நான் கூப்பிட்டுக்கிடுதேன். அம்புட்டுதான் சொன்னாங்க. நான் படிச்சேன்.

இல்ல, பிள்ள இல்லய்யா. எட்டு மாசமும் ஒரு லீவும். தங்கல.

மாசம் ஒரு தாள் பயிற்சி எழுதி மேடானுக்குத் தபால்ல அனுப்பணும். திருத்தி வரும். செவப்புப் பென்சில்ல, சாய்ச்ச எழுத்துல. வினை எடம் மாறியிருந்தா ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, இங்க வரணும்னு காட்டியிருக்கும். அடியில ஹேல் ஹூட். ரொம்ப நல்லதுன்னு அர்த்தம். அவிய வாயால என்னை ஒரு நாளும் நல்லதுன்னு சொன்னதில்ல. கொழம்பு நல்லாருந்தா இன்னொரு கரண்டி ஊத்திக்கிடுவாங்க, அதுதான் பாராட்டு. அப்படிப்பட்ட ஆளு கண்காணாத தேசத்துல உக்காந்து மாசாமாசம் நமக்காகச் செவப்புப் பென்சில் சீவுதாங்கன்னா எனக்கு எப்படி இருந்திருக்கும். ஒரு மாசம் வேணும்னே ரெண்டு தப்பு வச்சு அனுப்பினேன். அம்புக்குறி கூட வரட்டுமேன்னு.

கூப்பிட்டாங்களா? அதுலதான் இருக்கு. வினைச்சொல் எல்லாம் முடிச்சிட்டேன்னு எழுதினா, இனி மடிப்பு வாக்கியம் படின்னு வரும். அதையும் முடிச்சிட்டேன்னா, கம்பெனிக்குக் கடிதம் எழுதுத முறை படி. அதையும் முடிச்சேன். வார வருஷம் பாக்கலாம், ஆபீசர் மாறிட்டாரு. வார வருஷம் வந்துது, உன் உச்சரிப்பு இன்னும் சரியா வரலன்னு எழுதினாங்க. என் உச்சரிப்பைத் தபால்ல எப்படிக் கேட்டாங்கன்னு எனக்கு அப்ப யோசிக்கத் தோணல. இதோ இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ல, புழக்கடையில நின்னுக்கிட்டு, தொண்டைய காறிக் காறிப் பழகினேன். பக்கத்து வீட்டு செல்லத்தாய் ஓடியாந்து, ஏட்டி மீன் முள்ளு கிள்ளு மாட்டிக்கிட்டான்னு கேப்பா.

பொறவு ஜப்பான்காரன் வந்துட்டான். தபாலே நின்னுபோச்சு. நாலு வருஷம் உசுரோட இருக்காங்களா இல்லையான்னு தெரியாது. அப்பவும் புஸ்தகத்தை மூடல. மூடினா அபசகுனம்னு ஒரு பயம்.

இப்பவா? வந்துட்டாங்க. யுத்தம் முடிஞ்சு எல்லாரும் வந்தாங்கல்லா, அந்தக் கப்பல்லதான். அதைப் பொறவு சொல்லுதேன்.

வழக்கு தெரியும். வக்கீல் குமாஸ்தா வெவரம் சொன்னாரு, அவரு சொல்லாட்டியும் தெரியும். அந்தம்மா பேரு வில்லமினா. பாதி டச்சு, பாதி சுமத்ராக்காரி. செத்துப்போனவரு பெண்சாதி நான், ஏழு வயசுப் பொம்பளப் பிள்ள எங்க பிள்ள, அதை அவரு அண்ணன் தேவஇரக்கம் ராஜபாளையத்துல வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டுத் தர மாட்டேங்காருன்னு அந்தம்மா சொல்லுதா. தேவஇரக்கம் அண்ணாச்சி என்ன சொல்லுதாருன்னா, பிள்ள எங்க தம்பி பிள்ளதான், பெத்தவ ஜப்பான்காரன் அடைச்சு வச்ச காம்ப்புலயே செத்துப்போனா, இந்தப் பொம்பள வழியில கூட வந்த ஆயா, பிள்ளையத் தூக்கிட்டுப் போகப் பாக்கான்னு. கல்யாணம் கட்டின காகிதம், பிள்ள பெத்த காகிதம் எல்லாம் அங்க சாம்பலாப் போச்சு. ஆக, பெத்தவளா ஆயாவான்னு ஜட்ஜய்யா அந்தம்மா வாயைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும், பிள்ள வாயைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும். ரெண்டு வாயும் டச்சுதான் பேசும். ரெண்டுக்கும் நடுவுல நான்.

அண்ணாச்சிக்கு அதுல என்ன லாபம்னு கேக்கீக. லாபம் ஒண்ணுமில்லய்யா, மானம். சபைக் கமிட்டியில அவருதான் மூப்பர். நற்கருணை நாள்ல கிண்ணத்துக்குப் பக்கத்துல நிக்க ஆளு. தம்பி ஒரு அயல்நாட்டுக்காரியக் கூட்டிட்டு வந்து எறங்கினா அவரு எங்க போயி நிப்பாரு? எறங்கினதையே வெளிய விடல. தம்பி ஒடம்பு எலும்பும் தோலுமா வந்துது, ரெண்டு வாரம் மாடியில வச்சிருந்தாங்க, மில்லுச் சங்கு ஊதுத சத்தத்துல இருமல் சத்தம் யாருக்கும் கேக்கல. செத்த பொறவுதான் ஆளு வந்து எறங்கின சேதியே ஊருக்குத் தெரியும்.

எனக்கும் அப்பதான் தெரியும். ஏழு மைல் தொலைவு. இங்கருந்து ராஜபாளையத்துக்கு ஒரு கரி பஸ்ஸு, ஒரு மணி நேரம்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். போகாம முடியுமா. பொம்பளைங்க கூட்டத்துல முன்னால என்னை நிறுத்தியிருந்தாங்க. அந்தம்மா அந்தப் பக்கம் தனியா, செவுத்தோரம். பெட்டியை எறக்கும்போது அவ பேச ஆரம்பிச்சா. எல்லாரும் செபம்னு நெனச்சுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. பாதிரி ஐயரு கூட ஆமென் சொன்னாரு. செபமில்ல. அவ வஞ்சுக்கிட்டிருந்தா. நீ ஒரு வீடு இருக்குன்னு சொன்னியே, இவங்க யாரு, ஏன் ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்காங்க, நீ என்ன சொல்லி என்னைக் கூட்டிட்டு வந்தேன்னு. ஒவ்வொரு வாக்கியமும் எனக்கு விளங்குச்சு. மடிப்பு வாக்கியம் எல்லாம் வினையோட முழுசா விளங்குச்சு. நாய்ப் பேச்சை விட்டா, அத்தனை வருஷத்துல நான் நேருல கேட்ட மொத டச்சு அதுதான்.

பேசலய்யா. அந்த எடத்துல நீங்களா இருந்தாலும் பேசியிருக்க மாட்டீக.

பிள்ளட்டயா? அதுட்ட பேசியிருக்கேன். மூணாம் நாள் துட்டி கேக்கப் போயிருந்தேன். அந்தம்மாவை அதுக்குள்ள மிஷன் வளவுல ஒரு அறையில கொண்டுபோயி விட்டாச்சு. பிள்ள கட்டிலுக்கு அடியில கெடக்கு. ஞானபாக்கியம், தேவஇரக்கம் சம்சாரம், சோத்துத் தட்டை வச்சுக்கிட்டு ச்சு ச்சுன்னு கூப்பிடுதா. நான் குனிஞ்சு பாத்தேன். என்ன சொல்லணும்னு தெரியல. பிள்ளைட்ட பேசுத டச்சு அந்தப் புஸ்தகத்துல இல்லல்லா. வாயில வந்தது முத்துவீரன் பேச்சுதான். கோம் ஹீர்ன்னேன். வந்துது. ஸிட்ன்னேன். உக்காந்துது. முதுகை நேரா வச்சு, கையை மடியில வச்சு, என்னையே பாத்துது. காம்ப்புல அப்படித்தான் பழக்கியிருப்பாங்க போல.

சரின்னு புஸ்தகத்துக்குப் போனேன். மதிப்புக்குரிய அம்மையீர், தாங்கள் இந்தச் சாதத்தைச் சிறிது உட்கொண்டால் நான் மிகவும் கடமைப்பட்டவளாவேன். அப்படியே சொன்னேன், பிசிறில்லாம. பிள்ள செத்த நேரம் வாயைத் தெறந்து பாத்துது. பொறவு சிரிச்சுது பாருங்க, கட்டில் காலைப் புடிச்சுக்கிட்டு அப்படியொரு சிரிப்பு. அந்தத் துட்டி வீட்ல. ஞானபாக்கியம் கையிலருந்து தட்டு கீழ விழுந்துருச்சு. சிரிச்சு முடிச்சுட்டு அதே மரியாதையில பதில் சொல்லுது. அம்மையீர் ஊட்டிவிட்டால் உட்கொள்ளுகிறேன்னு. ஊட்டினேன். பொறவு கேட்டுது, எங்க அம்மா எப்போ வருவாங்கன்னு.

ஆமா. அம்மான்னுதான் கேட்டுது. அவ பேரையும் சொல்லித்தான் கேட்டுது. ஏழு வயசுப் பிள்ளைக்கு ஆயாவையும் அம்மாவையும் பிரிச்சுத் தெரியாதா. இதை இப்ப எழுதாதீங்க. கூண்டுல ஏறி அது வாயால சொல்லட்டும்.

ரெண்டு கட்சிக்காரங்கள்ல யாராச்சும் என்னை வந்து பாத்தாங்களான்னு நீங்க கேக்கணும்ல? கேளுங்க, மறைக்க ஒண்ணுமில்ல. போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு தேவஇரக்கம் அண்ணாச்சி எங்க வீட்டுக்கு வந்தாரு. மோர் குடிச்சாரு. இந்தா பாரு தாயி, நீ பெருசா ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவ என்ன கத்தினாலும் நீ தமிழ்ல ஆயான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. பிள்ள என்ன சொன்னாலும் அம்மா காம்ப்புல செத்துப்போச்சுன்னு சொல்லிரு. யாரு கேக்கப் போறா. அவ கப்பலேறிப் போயிருவா, பிள்ளைய நீயே கூட்டிட்டுப் போயி வளத்துக்கோ, நீ பெத்ததுன்னு நெனச்சுக்கோன்னாரு. போறப்போ எந் தலையில கைய வச்சு ஆசீர்வாதம் வேற பண்ணிட்டுப் போனாரு.

ஆசை இல்லாமயா இருக்கும்? வகுப்புல நாப்பது பிள்ள இருக்கு எனக்கு. மணி அடிச்சா அம்புட்டும் அதது வீட்டுக்கு ஓடிரும். ஒண்ணாவது திரும்பிப் பாக்கும்ங்கீக? அன்னிக்கு ராத்திரி வீட்ல ஒரு சின்னப் பாயை எடுத்து எம் பாய்க்குப் பக்கத்துல போட்டுப் பாத்தேன். ரெண்டு பேருக்கு எடம் காணும். நல்லாவே காணும்.

எனக்கு எதுக்குப் பிள்ளையக் குடுக்கணும். கேட்டீக பாருங்க, அதுதான் கேள்வி. என் பேரைக் கோர்ட்டுக்குக் குடுத்தது யாருன்னு அந்த மனுவைப் பாருங்க. அந்தம்மா வக்கீலா? இல்லல்லா. எதிர்க்கட்சி வக்கீலு. இந்த ஜில்லாவுல அந்தப் பாஷை தெரிஞ்சவ நான் ஒருத்திதான். அந்தம்மாவுக்குக் கெடுதல் செய்ய நியாயம் உள்ளவளும் நான் ஒருத்திதான். ரெண்டும் சேந்து ஒரே ஆளாக் கெடச்சா யாரு விடுவா.

பிரமாணத்துக்கு எழுதணுமா. எழுதிக்கிடுங்க. பேரு ஞானரத்தினம். வயசு முப்பத்தெட்டு. அப்பா சின்னத்துரை உபதேசியார், காலமாயிட்டாங்க. வீடு மடவார் வளாகத்துக்குப் போற வழி. புருஷன் பேரா?

அது வாயால சொல்லிப் பழக்கமில்லய்யா. எங்களவங்கள்லயும் அப்படித்தான், வேதத்துக்கு வந்தும் அது மட்டும் விடல. பள்ளிக்கூடத்துல கேட்டாக் கூட எழுதித்தான் காட்டுவேன். பென்சில் வேண்டாம். உங்க முன்னால இருக்கே அந்தக் கட்டு, மேல்தாளைத் திருப்புங்க. மூணாவது வரியில காலஞ்சென்ற அப்படின்னு போட்டு ஒரு பேரு இருக்குல்லா. அதையே பாத்து எழுதிக்கிடுங்க.

ஆமா. ஜெபதுரை. நீங்களே வாசிச்சிட்டீக, நல்லதாப் போச்சு.

உக்காருங்கய்யா, எதுக்கு எந்திரிக்கீக. நான் ஒண்ணும் அழுதுர மாட்டேன். இது தெரிஞ்சும் நான் வேண்டாம்னா ஜட்ஜய்யா கொழும்புக்கு எழுதிக் கேக்கட்டும், அங்க டச்சு வம்சத்து ஆளுங்க இருக்காங்க. வந்து சேர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் பிள்ள கட்டிலுக்கு அடியிலதான். நான் போதும்னா, அவருட்ட இதைச் சொல்லிட்டே என்னைக் கூண்டுல ஏத்துங்க. கோர்ட்டுல எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. மூப்பரும் கேக்கட்டும். அவ சொன்னதைச் சொன்னபடி சொல்லுவேன். பிள்ள சொன்னதைச் சொன்னபடி சொல்லுவேன்.

அவமேல கோவம் இல்லையான்னா, காலையில வரைக்கும் இருந்துது. வராந்தாவுல தனியா உக்காந்திருந்தா. பால்ச்சாமி தண்ணி குடுத்திருக்காரு, அதுக்கு நன்றின்னு சொல்லுதா, அவருக்கு விளங்கல. நான் பக்கத்துல போயி, அம்மையீர், இன்று தங்கள் மொழிபெயர்ப்பாளர் நான்தான்னேன். அப்படியே எம் முகத்தைப் பாத்தா. ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. உங்களைத் தெரியும், நீங்க அவரு தங்கச்சி, ஊர்ல டீச்சரா இருக்க தங்கச்சிதானேங்கா. அடக்கத்துல முன்னால நின்னவளும் நீங்கதானேங்கா. அவிய அப்படித்தான் சொல்லி வச்சிருக்காங்க. மாசாமாசம் உங்க தாளை நான்தான் திருத்துவேன், அவருக்குப் பொறுமை கிடையாது, எழுத்தும் கோணல். அண்ணனுக்கு இம்புட்டு மரியாதையா எழுதுத பிள்ளைய நான் பாத்ததே இல்ல. ஒரு மாசம் ரெண்டு தப்பு வந்துது, ஒடம்பு சரியில்லையோன்னு அவருட்ட கேட்டேன். இவ நல்லாத் தேறிட்டா, இங்க கூப்பிட்டுக்கிடுவோமேன்னு வருஷா வருஷம் சொன்னேன், அவருதான் இன்னும் தேறலன்னுட்டாருங்கா.

ஆக, இத்தனை வருஷத்துல என்னை நல்லதுன்னு சொன்னது அவ ஒருத்திதான்.

இல்ல, நான் மறுத்துச் சொல்லல. தங்கச்சின்னே நெனச்சுக்கிட்டு அங்க உக்காந்திருக்கா. நான் யாருன்னு ஜட்ஜய்யா கேட்டு, நான் தமிழ்ல சொல்லி, எல்லாரும் அவளைத் திரும்பிப் பாக்கும்போது என்ன சொன்னீங்கன்னு எங்கிட்டதான் கேப்பா. அதையும் நான்தான் டச்சுல சொல்லணும், வேற ஆளு ஏது. வெளிய நிக்கும்போதே அந்த வாக்கியத்தை மனசுக்குள்ள கட்டிப் பாத்துட்டேன். தாங்கள்னு ஆரம்பிச்சு, வினை எல்லாம் அதது எடத்துல வச்சு.

பால்ச்சாமி கூப்பிடுதாரு பாருங்க. வாரேன். அந்த வாக்கியத்துல அவ திருத்துததுக்கு ஒண்ணும் இருக்காது.